மர்ஃபி என்றால் எல்லோரும் ஒரே குடும்பமா?

அயர்லாந்தில் வேர் உள்ளவர்களுக்குக் குடும்ப வரலாறு தேடித் தருவது என் தொழில். பாஸ்டன்காரர் ஒருவர் முதல் பேச்சிலேயே சட்டம் போட்ட ஒரு கேடயப் படத்தைக் காட்டி, "இது எங்கள் மர்ஃபி குலச்சின்னம், நாங்கள் அயர்லாந்தின் கிழக்கே லெய்ன்ஸ்டரை ஆண்ட அரசர் டெர்மட் மக்முர்ரோவின் வம்சம்" என்றார். நல்ல காசு கொடுத்து வாங்கியிருக்கிறார், பாவம்.

சின்னம் என்பது பொதுவாகத் தனி ஆளுக்கும் அவர் வாரிசுகளுக்கும் வழங்கப்படுவது. பெயர் ஒன்று என்பதால் மட்டும் அது நமக்கு வந்துவிடாது.

அயர்லாந்தில் அதிகம் பேருக்கு இருக்கும் குடும்பப்பெயரே மர்ஃபிதான். முர்ஹா என்ற பழைய ஆண் பெயரிலிருந்து வந்தது, கடற்போர் வீரன் என்று பொருள். முன்னால் 'மக்' வந்தால் மகன், 'ஓ' வந்தால் பேரன் அல்லது வழித்தோன்றல். முர்ஹா என்று பெயர் வைத்தவர்கள் ஊருக்கு ஊர் இருந்ததால் வெக்ஸ்ஃபர்டில் ஒன்று, கார்க்கில் ஒன்று, ரோஸ்காமனில் ஒன்று, வடக்கே டைரோனில் இன்னொன்று என்று ஒன்றுக்கொன்று சம்பந்தமில்லாத குடும்பங்கள் இதே பெயரில் கிளம்பின. ஆங்கிலேயர் ஆட்சியில் முன்னொட்டு உதிர்ந்துபோக, எல்லோரும் ஒரே மர்ஃபி ஆகிவிட்டார்கள். சல்லிவன் என்ற இன்னொரு ஐரிஷ் குடும்பப்பெயர்க்காரர்களில் பலர் பின்னாளில் 'ஓ'வைத் திரும்ப ஒட்டிக்கொண்டார்கள், மர்ஃபிகள் அதற்கு மெனக்கெடவில்லை. இன்னொன்று, அந்த டெர்மட் அரசரின் மகன் டோனல் கவனாவின் வழியினர் கவனா என்ற பெயரில்தான் இருக்கிறார்கள். ராஜ ரத்தம் வேண்டுமென்றால் முதலில் அங்கேதான் தேட வேண்டும்.

1845-52 பஞ்சம் இந்தப் பெயரை அமெரிக்கா, இங்கிலாந்து என்று வாரி இறைத்தது. அதற்கு முன்பே வெக்ஸ்ஃபர்ட் ஆட்கள் மீன்பிடிக்க நியூஃபவுண்ட்லாந்து போனார்கள். அர்ஜென்டினாவின் சான்டா ஃபே மாகாணத்தில் மர்ஃபி என்று ஓர் ஊரே உண்டு, அர்ஜென்டினாவில் குடியேறிய வெக்ஸ்ஃபர்ட்காரர் ஒருவரின் பெயர் அது.

அதனால் பெயரை விட்டுவிட்டு ஊரைப் பிடியுங்கள். 1922இல் டப்ளின் ஆவணக் காப்பகம் எரிந்ததில் 1821 முதல் 1851 வரையிலான மக்கள்தொகைக் கணக்கு பெரும்பாலும் சாம்பலாகிவிட்டது, ஆனால் கத்தோலிக்கப் பங்குகளின் (கோவில் வட்டாரங்களின்) ஞானஸ்நான, திருமணப் பதிவேடுகள் அந்தந்தக் கோவில்களிலேயே இருந்ததால் தப்பின. இன்று தேசிய நூலகத்தின் தளத்தில் இலவசமாகவே பார்க்கலாம். இதற்குக் காசு கேட்கிறவரிடம் எதற்கு என்று கேளுங்கள்.

நம் பாஸ்டன்காரருக்கு வழி காட்டியது அவருடைய கொள்ளுத்தாத்தாவின் திருமணப் பதிவு. பாஸ்டன் கோவில் ஏட்டில் பாதிரியார் புண்ணியத்தில் அயர்லாந்தில் அவருடைய சொந்தப் பங்கின் பெயரும் இருந்தது, கார்க்கில் ஸ்கிபரீன் பக்கம். அந்த அரசரின் லெய்ன்ஸ்டரில் இருக்கும் வெக்ஸ்ஃபர்டே இல்லை! அடுத்து, எந்த நிலம், வீடு யாரிடம் என்று வரிக்காகப் பட்டியல் போட்டு 1847-64இல் நடந்த கிரிஃபித் நிலமதிப்பீட்டைத் திறந்தால், அந்த வட்டாரத்தில் அவர் தேடும் ஜான் மர்ஃபி என்ற பெயரில் மூன்று பேர். ஒரே பெயர்க்காரர்களைப் பிரித்துக்காட்ட அடைப்புக்குறிக்குள் அப்பா பெயரோ பட்டப்பெயரோ போடுவது அந்த ஏட்டில் உண்டு, இங்கே ஒருவருக்கு 'டேன்' என்று அப்பா பெயர், ஒருவருக்கு 'சிவப்பு' என்று பட்டப்பெயர், மூன்றாமவருக்கு ஒன்றுமில்லை. வீட்டில் யாராவது 'டேன்' என்று எப்போதாவது சொல்லிக் கேட்டதுண்டா என்று அவர் இப்போது தன் அத்தையிடம் விசாரித்துக்கொண்டிருக்கிறார்.