வெள்ளை பைக்குள்ள என்ன இருக்கு?

"மேடம், பாலையா நரம்புல ஏத்துறீங்க?" ஐசியூல பேஷண்ட் கூட இருக்கறவங்க என்கிட்ட அதிகமா கேட்ட கேள்வி இதுதான். பால் இல்லங்க, எண்ணெய். முட்டை மஞ்சக்கருலேர்ந்து எடுக்கற லெசித்தின் போட்டு தண்ணியோட கலந்து, ரத்தத்துல அடைச்சிக்காத அளவுக்கு பொடிப்பொடி துளியா ஆக்கியிருப்பாங்க. குடல் ஆபரேஷனுக்கு அப்புறம் வயித்துக்கு எதுவும் குடுக்க முடியாத நாள்ல குளுக்கோஸ், புரதத்தோட சேத்து டிபிஎன்ல, அதாவது முழு சாப்பாட்டையும் நரம்பு வழியாவே குடுக்கறதுல, இது போகும்.

ஆரம்பத்துல பருத்திக்கொட்டை எண்ணெய்ல செஞ்சு பாத்தாங்க, ஜுரம், மஞ்சள்காமாலைன்னு வந்து அத கைவிட்டாச்சு. அப்புறம் 1960கள்ல ஸ்வீடன்ல ஆர்விட் ரெட்லிண்ட் சோயா எண்ணெய்ல இன்ட்ராலிப்பிட் கொண்டு வந்தாரு, அதுக்கு பிறகுதான் இந்த வைத்தியமே நிலைச்சுது.

ஆனா சோயாவுலயும் ஒரு சிக்கல் இருக்கு. அதுல பைட்டோஸ்டெரால்னு ஒரு சாமான், கொலஸ்ட்ராலோட செடி வகை சொந்தக்காரன்னு வெச்சுக்கோங்க. வாயால சாப்டா குடலே அதுல பெரும்பகுதிய உள்ள விடாது, நரம்பு வழியா போகும்போது அந்த காவல் கிடையாது, மொத்தமும் ஈரல் தலைல விழுது, பித்தம் ஓடுறது மந்தமாகுது. ஒமேகா-6ங்கற கொழுப்பு அமிலமும் அதுல ஜாஸ்தி, அது அழற்சிய தூண்டற பக்கம் போகும். குடல் ஆபரேஷன் ஆன பச்சக்குழந்தைங்களுக்குத்தான் இதுல ஆபத்து அதிகம், பெரியவங்களுக்கு வாரக்கணக்கா போனா யோசிக்கணும். அதனாலதான் இப்ப கலவை எண்ணெய் வருது, ஸ்மோஃப்லிப்பிட்ல சோயா 30 சதவீதம்தான், மீதி எம்சிடி (நடுத்தர நீள சங்கிலி கொழுப்பு) 30, ஆலிவ் 25, மீன் எண்ணெய் 15.

சரி, கொழுப்ப நிறுத்திட்டு குளுக்கோஸ ஏத்திடலாமேன்னு ஜூனியர் டாக்டர்ங்க கேப்பாங்க. அதுதான் பெரிய தப்பு. மிஞ்சுன குளுக்கோஸ ஈரல் கொழுப்பா மாத்தி தனக்குள்ளயே அடுக்கி வெச்சுக்கும், நிமிஷத்துக்கு கிலோவுக்கு 5 மில்லிகிராம தாண்டவே கூடாது. கொழுப்பே இல்லாம வாரக்கணக்கா ஓட்டுனா தோல் செதில் செதிலா உரியும், தையல் போட்ட புண்ணும் சீக்கிரம் ஆறாது.

என் தப்பு ஒண்ணு சொல்றேன். வென்டிலேட்டர்ல இருந்த 60 கிலோ பேஷண்ட், கணக்கு போட்டு 20 சதவீத கொழுப்பு பை 250 மில்லி எழுதுனேன், 50 கிராம் கொழுப்பு, அளவாத்தான் இருந்துச்சு. மூணாம் நாள் ரத்தம் எடுத்து ட்யூப்ப கொஞ்ச நேரம் நிக்க வெச்சா மேல தெளிஞ்சு நிக்க வேண்டிய சீரம் மோர் மாதிரி வெள்ளையா இருக்கு, ரத்தத்துல இருக்கற கொழுப்பு, அதான் ட்ரைகிளிசரைடு, 500 தாண்டிடுச்சு, 400 தாண்டுனாலே நாங்க குறைக்கணும். எங்கேர்ந்து வந்துச்சுன்னு புரியாம பெட் பக்கத்துல போய் நின்னா இன்னொரு வெள்ளை சிரிஞ்சு ஓடிட்டு இருக்கு, ப்ரோபோஃபால், தூக்க மருந்து! அதுவும் 10 சதவீத கொழுப்புலதான் கரைச்சிருக்கும். மணிக்கு 20 மில்லின்னா ஒரு நாளைக்கு 48 கிராம், கிட்டத்தட்ட 530 கலோரி, என் சார்ட்ல அது எங்கயுமே இல்ல. ரெண்டும் சேந்து கிலோவுக்கு 1.6 கிராம், 1.5தான் உச்சவரம்பு. அன்னிலேர்ந்து டிபிஎன் எழுதறதுக்கு முன்னாடி மருந்து ஏத்தற பம்ப் எல்லாத்தையும் ஒரு ரவுண்டு பாத்துட்டுதான் பேனாவ எடுக்கறேன்.

ஈரல், பித்தம் எப்படி இருக்குன்னு ரத்தத்துல பாக்கற ஜிஜிடி, ஆல்கலைன் பாஸ்பட்டேஸ் ஏறுச்சுன்னா உடனே கொழுப்பு பை மேல பழிய போட்டுடாதீங்க. தொற்று இருந்தாலும் ஏறும், சில ஆன்டிபயாடிக்கும் ஏத்தும், வயிறு காலியா இருக்கறதே ஒரு காரணம், சாப்பாடு இறங்கலன்னா பித்தப்பை சுருங்காது, உள்ள பித்தம் தேங்கி சேறு மாதிரி ஆயிடும். வீட்டுக்காரங்க டாக்டர்கிட்ட கேக்கறதா இருந்தா இத கேளுங்க: எந்த எண்ணெய், ஒரு நாளைக்கு எத்தன கிராம், ட்ரைகிளிசரைடு கடைசியா எப்ப பாத்தீங்க, மூக்கு ட்யூப்ல சாப்பாடு எப்ப ஆரம்பிக்கலாம்.

அந்த பேஷண்டுக்கு பைய ரெண்டு நாள் நிறுத்துனோம், சீரம் தெளிஞ்சுது, ஜிஜிடி மட்டும் மெதுவாத்தான் இறங்குச்சு. அஞ்சாம் நாள் சர்ஜன் ஓகே சொன்னதும் மூக்கு ட்யூப்ல சாப்பாடு மணிக்கு 10 மில்லி ஆரம்பிச்சோம். "இவ்ளோதானா மேடம்?"னு அவரு மனைவி கேட்டாங்க. இப்போதைக்கு இவ்ளோதாம்மா, குடல் முழிச்சுக்கட்டும்னேன்.