கைராசி: சொல்லும் பொருளும்

ஒருவர் கை பட்டால் காரியம் விளங்கும் என்ற நம்பிக்கைக்குப் பெயர் கைராசி. கடையில் முதல் போணி செய்பவருக்கும் விதைப்பைத் தொடங்கி வைப்பவருக்கும் அதைப் பார்ப்பதுண்டு. பாலக்காடு மாவட்டத்தில் எங்கள் கொழிஞ்சாம்பாறைப் பக்கம் அதிகம் காதில் விழுவது டாக்டர்களைப் பற்றிப் பேசும்போதுதான். மலையாளத்தில் இதைக் 'கைப்புண்யம்' என்பார்கள். நல்ல சமையல் கைக்கும் அங்கே அதே சொல்.

'கை' நம்முடையது. 'ராசி' வடமொழி, தமிழ் மரபில் எழுதினால் இராசி. குவியல், கூட்டம் என்பது அதன் முதற்பொருள். பிறகு வான மண்டலத்தின் 12 பிரிவுகளுக்குப் பெயரானது. பிறந்த ராசியை வைத்து யோகம் பார்க்கப் போய், யோகத்துக்கே ராசி என்று பெயர் வந்தது. ராசியான கடை, ராசியான சட்டை எல்லாம் அந்த வழி வந்தவை.

இன்னொரு ராசியும் உண்டு. சண்டை போட்டவர்கள் 'ராசியாகிவிட்டார்கள்' என்கிறோமே, அது அரபுச் சொல். உருது வழியாக வந்தது. மனம் ஒப்புதல் என்று பொருள். ராஜி என்றும் எழுதுவார்கள். முன்னதற்கும் இதற்கும் உறவில்லை.

டாக்டர் விஷயத்தில் மட்டும் இரண்டும் ஒன்றாகிவிடுகின்றன. என் அப்பாவுக்குப் பல வருடமாகச் சர்க்கரை. கோவையில் விழித்திரை மருத்துவர் ஒருவர் அப்பாவின் கண்ணுக்குள் எடுத்த படத்தைத் திரையில் காட்டி, சிவப்புப் பொட்டுகளைப் பேனா முனையால் தொட்டுத் தொட்டு விளக்கினார். நுண்குழாய்களில் ரத்தம் கசிகிறது, லேசர் வைக்க வேண்டும். அதனால் பார்வை மேம்படாது, இருப்பதைக் காப்பாற்றத்தான், இரவில் பார்வை கொஞ்சம் மங்கவும் கூடும் என்று ஒளிக்காமல் சொன்னார். சர்க்கரையால் விழித்திரை கெடும் இந்த நோயில் வலி கிடையாது. முற்றும்வரை பார்வை நன்றாகவே இருக்கலாம். "பேப்பர் படிக்கறேன், எதுக்குச் சுடோணும்?" என்று எழுந்து வந்த அப்பா, ஊர்ப்பக்கத்து டாக்டர் ஒருவரிடம் போனார். அந்த டாக்டர் அப்பாவின் கையைப் பிடித்துக்கொண்டு, "ஒண்ணுமில்லீங்க, சொட்டு மருந்து போதும்" என்றார். அப்பாவுக்கு அவர்தான் கைராசிக்காரர். கோவை டாக்டரம்மா 'பயங்காட்டுது'.

அப்பா தேடியதும் கண்டதும் இரண்டாவது ராசியை. தன் மனத்தோடு ஒத்துப்போகும் டாக்டர் வேண்டியிருந்தது, கிடைத்தார்.

சளியும் காய்ச்சலும் பெரும்பாலும் சில நாளில் தானாகவே இறங்கும். அந்த நேரம் மருந்து கொடுத்தவருக்குக் கைராசிப் பெயர் வந்துவிடுகிறது. போகவிருந்த பார்வையை நிறுத்தி வைத்தவருக்கு அது வருவதில்லை. நடக்காமல் போனதை யார் பார்த்தார்கள்?

குலசேகர ஆழ்வார் பாசுரம் ஒன்று எனக்கு அடிக்கடி நினைவுக்கு வருகிறது: 'வாளால் அறுத்துச் சுடினும் மருத்துவன்பால் மாளாத காதல் நோயாளன் போல்'. பாடப்பட்ட தலம் வித்துவக்கோடு, எங்கள் பாலக்காடு மாவட்டத்தில் பட்டாம்பிக்குப் பக்கம். லேசரும் விழித்திரையைப் புள்ளி புள்ளியாகச் சுடுவதுதான். சுடுகிற மருத்துவரிடம் மாறாத அன்பு வைத்த நோயாளியை இந்த மண்ணில் நின்று பாடியிருக்கிறார் என்பதை அப்பாவிடம் சொல்ல ஆசை.

இந்த இரண்டு ராசிகளையும் தமிழில் எப்படிச் சொல்வது? யோகம் என்ற பொருளுக்கு நற்பேறு இருக்கிறது. 'கைப்பேறு' என்று ஆக்கிக்கொள்ளலாம். ஒத்துப்போவதற்கு இணக்கம். ஆனால் மருத்துவரைக் குறிக்க இரண்டுமே வேண்டாம் என்பேன். 'கைதேர்ந்தவர்' வழக்கிலேயே இருக்கிறது. தேர்தல் என்றால் ஆராய்தல், தெரிந்தெடுத்தல், பயின்று தெளிதல். கைதேர்ந்தவர் என்றதும் 'எதில்?' என்ற கேள்வி வரும். கைராசிக்காரரிடம் யாரும் அப்படிக் கேட்பதில்லை.

அப்பாவிடம் இப்போது 'கைதேர்ந்தவர்' என்ற சொல்லைத்தான் பயன்படுத்துகிறேன். லேசருக்கு இன்னும் ஒப்பவில்லை. கோவைக்கு வந்து படம் மட்டும் எடுத்துப் பார்க்கலாம் என்கிறார்.