புதிய வகையா, புதிய சிற்றினமா?

மேற்குத் தொடர்ச்சி மலையில் அறிவியலுக்குப் புதிதான சிலந்தி ஒன்று விவரிக்கப்படும்போதெல்லாம் ‘புதிய வகை சிலந்தி கண்டுபிடிப்பு’ என்ற அதே தலைப்பு அச்சு மாறாமல் வருகிறது. ஒற்று மிகாததைப் பொறுத்துக்கொள்ளலாம்; ‘வகை’யைப் பொறுத்துக்கொள்ள இயலவில்லை. அங்கே நிற்க வேண்டிய சொல் சிற்றினம்.

இதற்கு ஈடாக ஆங்கிலம் வழியாக நமக்கு வந்த ‘ஸ்பீஷீஸ்’ என்பது பார்த்தலைக் குறிக்கும் இலத்தீன் வினையிலிருந்து பிறந்தது. தோற்றம் என்பது அதன் முதற்பொருள். அதற்கு மேற்படியான ‘ஜீனஸ்’ பிறப்பையும் குலத்தையும் குறிப்பது. தமிழகப் பாடநூல்கள் இவ்விரண்டையும் முறையே சிற்றினம், பேரினம் என்கின்றன. இலங்கைப் பாடநூல்கள் இனம், சாதி என்கின்றன. சிறுமை, பெருமை என்னும் அடைகள் ஊரோடு சேர்ந்து சிற்றூர், பேரூர் ஆவது போலவே இவையும் அமைந்தன.

‘வகை’யோ ‘வகு’ என்னும் வினையடியாகப் பிறந்தது. வகுப்பவர் நாம்; நம் வசதிக்கேற்ப எதையும் எப்படியும் வகுக்கலாம். குமரி மாவட்டத்துச் சந்தையில் மட்டி, செந்துளுவன், ஏத்தன், பாளையங்கோடன் என்று குலைகள் தொங்குகின்றன. இவை வாழை வகைகள். 2023இல் மட்டிக்குப் புவிசார் குறியீடும் கிடைத்தது. ஆனால் மட்டியைத் தனிச் சிற்றினம் என்று உயிரியலாளர் எவரும் சொல்வதில்லை. மனிதர் தோட்டத்தில் பேணி நிலைநிறுத்திய வேறுபாட்டுக்கும், எவர் கையும் படாமல் காட்டில் தனித்துப் பிரிந்து தன்னுள்ளேயே இனம்பெருக்கி வரும் ஓர் உயிர்க்கூட்டத்துக்கும் ஒரே பெயரைச் சூட்டினால், படிப்பவர் புதிய சிலந்தியையும் மட்டிக்குலையைப் போல ஒரு ரகம் என்றே எண்ணிக்கொள்வார்.

குழப்பம் இதோடு நிற்கவில்லை. ‘வலை பின்னும் வகை’, ‘தாவும் வகை’ என்றும் அத்தலைப்புகளின் கீழ் வரும் கட்டுரைகள் எழுதுகின்றன. தாவும் சிலந்திகள் ஒரு குடும்பம்; அதாவது பேரினங்கள் பலவற்றை உள்ளடக்கிய மேற்படி. அதில் மட்டும் 6,000க்கு மேற்பட்ட சிற்றினங்கள் உள்ளன. குடும்பமும் வகை, பேரினமும் வகை, சிற்றினமும் வகை என்றால், ‘தாவும் வகையைச் சேர்ந்த புதிய வகை’ என்னும் தொடரில் எது எதனுள் அடங்குகிறது என்று யார் சொல்ல முடியும்? உலகில் பதிவான சிலந்திச் சிற்றினங்கள் 2022இல் 50,000ஐக் கடந்தன. அவ்வரிசையில் ஒன்று கூடுவது அடிக்கடி நடப்பது. புதிய குடும்பம் ஒன்று நிறுவப்படுவதோ அரிய நிகழ்வு. இரண்டுக்கும் ஒரே தலைப்பு.

‘வகை எல்லோருக்கும் விளங்கும், சிற்றினம் பாடப்புத்தகச் சொல்’ என்பது மொழிபெயர்ப்பாளர் வழக்கமாகச் சொல்லும் சமாதானம். விளங்குவது வேறு, விளங்கியதாகத் தோன்றுவது வேறு. பள்ளிப் பிள்ளைகள் தேர்வில் எழுதும் சொல்லைப் பெரியவர்கள் தாங்கமாட்டார்கள் என்று கருதுவது வாசகரைக் குறைத்து மதிப்பிடுவதாகும். (எட்டுக்கால் உயிரைப் ‘பூச்சி’ என்பதும் இத்தகைய எளிமைதான், பூச்சிக்குக் கால் ஆறு. குமரி மாவட்டத்து விளவங்கோட்டுப் பக்கம் மலையாளச் சாயலோடு வழங்கும் ‘எட்டுக்காலி’ அந்தப் பிழையைச் செய்யவில்லை.)

தனித்தமிழ் அன்பர் சிலரின் மறுப்பு இதைவிடக் கனமானது. வள்ளுவர் ‘சிற்றினம் சேராமை’ என்று தனி அதிகாரமே வகுத்துக் கீழோர் கூட்டத்தைச் சிற்றினம் என்றார். ஆதலால் இலங்கை வழக்கைப் போல ‘இனம்’ என்பதே போதும் என்பது அவர்கள் வாதம். ஆயினும் ‘இனம்’ நம்மிடையே ஏற்கெனவே சுமை மிகுந்த சொல். காங்கேயம், உம்பளச்சேரி ஆகியவற்றை மாட்டினம் என்கிறோம். அவை ஒரே சிற்றினத்தின் உட்பிரிவுகள். குறளின் பொருள் மக்கள் உறவைப் பற்றியது. சிலந்தியைப் பற்றிய கட்டுரையில் அதை நினைத்து எவரும் தடுமாறப்போவதில்லை.

இனம், கிளை, பிறப்பு ஆகியவற்றைக் கொண்டு உயிர்களைத் தொகுப்பது நமக்குப் புதிதன்று. தொல்காப்பிய மரபியல் ‘நண்டும் தும்பியும் நான்கறி வினவே, பிறவும் உளவே அக்கிளைப் பிறப்பே’ என்கிறது. அந்நூலைக் கேட்டு ஆய்ந்ததாகப் பாயிரம் கூறும் அதங்கோட்டாசானை நம் விளவங்கோட்டு அதங்கோட்டுக்காரராக உரிமை கொண்டாடும் நாம், அந்நூலின் சொல் நுட்பத்தில் ஒரு பங்கையாவது செய்தித்தலைப்பில் காட்டலாம்.

சிலந்தியியலோ மிகக் கறாரான துறை. விலங்குப் பெயரிடலுக்கு ஸ்வீடன் இயற்கையியலாளர் லின்னேயஸின் 1758ஆம் ஆண்டு நூல் தொடக்கம் என்றாலும், அதே நாட்டுக் கிளெர்க் 1757இல் வெளியிட்ட சிலந்திப் பெயர்களுக்கு மட்டும் பன்னாட்டுப் பெயரிடல் விதியே விலக்களித்து முன்னுரிமை தருகிறது. கண்ணுக்கு ஒன்றுபோல் தெரியும் இரு சிலந்திகளை, ஆணின் வாயருகே உள்ள உணர்காலின் நுனியையும் பெண்ணின் இனப்பெருக்க உறுப்பையும் நுண்ணோக்கியில் ஒப்பிட்டுத்தான் பிரிக்கிறார்கள். பிறகு அப்பெயருக்குச் சான்றாக நிற்கும் மூலமாதிரியைக் குறித்து, பேரினமும் சிற்றினமும் சேர்ந்த இருசொற் பெயரிட்டு, வேறுபாடுகளை வரைபடத்தோடு வெளியிடுகிறார்கள். இவ்வளவையும் ‘வகை’ என்று சுருக்குவோர் இடப்பற்றாக்குறையைக் காரணம் காட்டுகிறார்கள். மிச்சமாவது மூன்றே எழுத்து.