செயலாளர் வீட்டு பீரோ

மூன்று வருடங்களுக்கு முன்னால் ஒரு ஞாயிற்றுக்கிழமை மத்தியானம், சிலந்திக்கு உறவான 'மைட்' என்ற பொடி உயிரிகளையும் உண்ணிகளையும் ஆராயும் எங்கள் சங்கத்தின் முன்னாள் செயலாளருடைய மகள் போனில் கூப்பிட்டார். சார் தவறிப்போய் நாற்பது நாள்தான் ஆகியிருந்தது.

"அங்கிள், அப்பா ரூமைக் காலி பண்றோம். பீரோ நிறையச் சின்னச் சின்னக் கண்ணாடியா இருக்கு. எங்களுக்கு ஒண்ணும் புரியல. பழைய பேப்பர்காரர் வந்து நிக்கிறார். உங்களுக்கு ஏதாவது வேணுமா?"

ஆட்டோ பிடித்து ஓடினேன். மேல் தட்டில் மரப்பெட்டிகளில் மைட் பதித்த மைக்ரோஸ்கோப் ஸ்லைடுகள். அடுத்த தட்டில் உண்ணிகள் போட்ட கண்ணாடிக் குப்பிகள்; பாதிக் குப்பிகளில் ஆல்கஹால் வற்றிப் போயிருந்தது. கீழே ரசீதுப் புத்தகங்கள், இரண்டு மினிட்ஸ் நோட்டு, பிளாஸ்டிக் உறையில் சங்கப் பதிவுச் சான்றிதழின் அசல், வங்கி பாஸ்புக். பாஸ்புக்கில் கடைசி வரி ஆறு வருடத்துக்கு முந்தையது. ஓரமாக, காய்ந்து போன ஒரு நெயில் பாலிஷ் பாட்டில்.

"இது அம்மாவுது இல்லை. அப்பா எதுக்கு வச்சிருந்தார்?" என்று அந்தப் பெண் கேட்டார். எங்கள் துறையில் பாதிப் பேர் வீட்டில் இந்தக் கேள்வி வந்திருக்கும். கால் மில்லிமீட்டர்கூட இல்லாத உயிரியை ஸ்லைடில் பதிக்க 'ஹோயர்' என்ற கரைசலைப் பயன்படுத்துகிறோம். அரபிப் பிசின், குளோரல் ஹைட்ரேட், கிளிசரின், தண்ணீர் சேர்ந்தது. அது காற்றில் ஈரத்தை இழுக்கும், வறட்சியில் சுருங்கும். அதனால் நன்றாக உலர்த்திய பிறகு மேல்கண்ணாடியின் விளிம்பைச் சுற்றி அடைக்க வேண்டும். அதற்குச் சில ஊர்களில் வார்னிஷ். எங்கள் ஊரில் பெட்டிக்கடை நெயில் பாலிஷ்.

பேப்பர்காரரை அனுப்பிவிட்டு அந்த பீரோ முன்னால் உட்கார்ந்தபோதுதான் உறைத்தது. சங்கம் சங்கம் என்று நாங்கள் மேடையில் பேசிக்கொண்டிருந்தது முழுக்க அந்த ஒரு பீரோவுக்குள் இருந்தது. இன்னும் அரை மணி நேரம் தாமதித்திருந்தால் கிலோ கணக்கில் போயிருக்கும்.

எங்களுடையது மைட், உண்ணி இரண்டையும் ஆராய்பவர்களின் சங்கம். உறுப்பினர்கள் அறுபத்துச் சொச்சம். உண்ணியும் வகைப்பாட்டில் மைட் கூட்டத்துக்குள் வருவதுதான். கொஞ்சம் பெரிதாக, முழுக்க இரத்தத்தை நம்பி வாழ்வது. விவரிக்கப்பட்ட மைட் இனங்கள் உலகில் 50,000-க்கு மேல், அதில் உண்ணிகள் 900 அளவில். இவ்வளவு பெரிய கூட்டத்துக்குத் தமிழில் பொதுவாக ஒரு பெயர் புழக்கத்தில் இல்லை. வேளாண்துறையில் கேட்டால் சிலந்தி என்பார்கள்: செஞ்சிலந்தி, மஞ்சள் சிலந்தி, ஈரியோபைட் சிலந்தி. கால்நடை மருத்துவருக்கு உண்ணி. தோல் மருத்துவரிடம் போனால் சிரங்கு. ஆளுக்கொரு கல்லூரி, ஆளுக்கொரு துறை, ஆளுக்கொரு பெயர். இவர்களை ஒரே அறையில் உட்கார வைப்பதற்குத்தான் இப்படி ஒரு குட்டிச் சங்கம்.

பெயர் சரியாகத் தெரியாவிட்டால் என்ன ஆகும் என்பதற்கு ராமநாதபுரத்து மிளகாய்க்காரர் ஒருவர் போதும். செடி சுருள்கிறது என்று மூன்று முறை மருந்தடித்துவிட்டுத்தான் எங்களைக் கூப்பிட்டார். "சார், அடிக்க அடிக்க அதிகமாகுது." படம் அனுப்பச் சொன்னேன். இலை ஓரம் மேல்நோக்கிச் சுருண்டால் இலைப்பேன். கீழ்நோக்கிச் சுருண்டு, காம்பு எலிவால் மாதிரி நீண்டால் மஞ்சள் சிலந்தி. இவருடையது கீழே சுருண்டிருந்தது. அடித்ததோ செயற்கைப் பைரித்ராய்டு என்ற பூச்சிமருந்து. அது மைட்டைப் பெரிதாக ஒன்றும் செய்யாது, மைட்டைத் தின்னும் நல்ல பூச்சிகளைத்தான் முதலில் கொல்லும். அடிக்க அடிக்க அதிகமாகாமல் என்ன செய்யும்? நனையும் கந்தகத்தில் முடிய வேண்டிய விஷயம். மூன்று டேங்க் மருந்தும் கூலியும் போனதுதான் மிச்சம்.

மருத்துவத்திலும் இதே கூத்து. ஸ்க்ரப் டைபஸ் காய்ச்சலைப் பத்திரிகைகள் 'உண்ணிக் காய்ச்சல்' என்று எழுதுகின்றன. ஜனங்கள் உடனே நாயைக் குளிப்பாட்டுகிறார்கள். ஆனால் அதைப் பரப்புவது நாய் உண்ணி இல்லை. புதரிலும் புல்லிலும் காத்திருக்கும் ஒரு மைட்டின் குஞ்சு. ஆறு கால், கண்ணுக்குத் தெரிவதே கஷ்டம். கடித்த இடத்தில் சிகரெட்டால் சுட்டது போலக் கறுப்புப் பொருக்கு விழும், பெரும்பாலும் அக்குள், இடுப்பு, தொடை இடுக்கு என்று உடை மறைக்கும் இடமாகப் பார்த்து. காய்ச்சலோடு போகிறவர்கள் வெட்கப்படாமல் அதை டாக்டரிடம் காட்ட வேண்டும். டாக்ஸிசைக்ளின் என்ற சாதாரண மாத்திரை, சீக்கிரம் கொடுத்தால் கேட்கும். நாயைக் குளிப்பாட்டுங்கள், நல்லதுதான். அது வேறு விஷயம்.

பெயர் சரியாகத் தெரிந்ததால் உதவிய கதைகளும் உண்டு. 1957-ல் கர்நாடகத்தின் ஷிமோகா மாவட்டக் காட்டில் குரங்குகள் செத்து விழுந்தன, பக்கத்துக் கிராமங்களில் மனிதர்களும் காய்ச்சலில் விழுந்தார்கள். கியாசனூர் காட்டு நோய் என்று இன்று சொல்கிறோமே, அதுதான். புனேயின் வைரஸ் ஆராய்ச்சி மையம் வைரஸைப் பிரித்தெடுத்தது. ஆனால் அது எந்த உண்ணியில் இருக்கிறது என்று சொல்ல, காட்டில் வாரிய உண்ணிகளை முதலில் இனம் இனமாகப் பிரிக்கத் தெரிந்த ஆள் வேண்டும். அப்படித்தான் ஹீமாஃபைசாலிஸ் ஸ்பினிஜெரா என்ற உண்ணி முக்கியக் குற்றவாளியாக நின்றது. அதே போல 1998-ல் எர்ணாகுளம் பக்கம் தேங்காய்க் குரும்பைகள் பழுப்பேறி வெடித்தபோது, குரும்பையின் தலையில் தொப்பி போல மூடியிருக்கும் இதழ்களுக்கு அடியில் பார்த்தால் புழு வடிவத்தில், நாலே காலோடு ஒரு ஈரியோபைட் மைட். 1965-லேயே மெக்சிகோவின் கெரேரோ மாநிலத் தென்னையிலிருந்து விவரித்துப் பெயர் வைத்திருந்தார்கள். பெயர் இருந்ததால் மற்ற நாடுகளின் அனுபவத்தைத் தேடிப் படிக்க முடிந்தது. 1997-லேயே இலங்கையின் கற்பிட்டியில் தென்பட்டதும் அதே மைட்தான்.

சரி, பீரோவுக்கு வருகிறேன். சின்னச் சங்கம் நடத்துகிறவர்கள், நடத்தப் போகிறவர்கள் கொஞ்சம் காது கொடுக்க வேண்டிய இடம் இது.

வங்கியில்தான் முதல் அடி. கணக்கில் கையெழுத்துப் போட இரண்டு பேர். ஒருவர் இறந்துவிட்டார். இன்னொருவர் மகனோடு அமெரிக்காவில். இரண்டு வருடம் வரவு செலவு இல்லாவிட்டாலே கணக்கு செயலற்றதாகிவிடும். பத்து வருடம் தாண்டினால் பணம் ரிசர்வ் வங்கியின் நிதிக்குப் போய்விடும், பிறகு விண்ணப்பித்துத்தான் மீட்க வேண்டும். நாங்கள் நடுவில் நின்றோம். புதிய நிர்வாகிகள் பட்டியலைப் பதிவாளர் அலுவலகச் சான்றோடு கொண்டுவா என்றது வங்கி. ஆறு வருடக் கணக்கைத் தாக்கல் செய்தால்தான் பட்டியலை ஏற்போம் என்றது பதிவாளர் அலுவலகம். கணக்கு எழுத வங்கி ஸ்டேட்மென்ட் வேண்டும் என்றார் தணிக்கையாளர். ஸ்டேட்மென்ட் தர, கையெழுத்துப் போடும் நிர்வாகி வேண்டும் என்றது வங்கி. கல்யாணம் ஆனால்தான் பைத்தியம் தெளியும், பைத்தியம் தெளிந்தால்தான் கல்யாணம் ஆகும். பதினான்கு மாதம் அலைந்தோம். அவர்கள் யாரையும் குறை சொல்லவில்லை, விதிப்படிதான் கேட்டார்கள். விதியை மறந்திருந்தது நாங்கள்.

தமிழ்நாடு சங்கங்கள் பதிவுச் சட்டம், 1975-ன் கீழ் ஏழு பேர் சேர்ந்தால் சங்கம் பதிவு செய்துவிடலாம். பதிவு செய்யும் உற்சாகத்தில் யாரும் அடுத்த வரியைப் படிப்பதில்லை: வருடாவருடம் பொதுக்குழு கூட்டி, கணக்கையும் உறுப்பினர் பட்டியலையும் தாக்கல் செய்ய வேண்டும், நிர்வாகிகள் மாறினால் தெரிவிக்க வேண்டும். நாங்கள் பொதுக்குழு கூட்டினோம், பிரியாணி சாப்பிட்டோம், படம் எடுத்துக்கொண்டோம். தாக்கல் செய்வது சார் பாடு என்று விட்டுவிட்டோம். சாருக்கு முழங்கால் வலி என்பது எல்லோருக்கும் தெரியும். யாரும் கேட்கவில்லை, நான் உட்பட.

அப்புறம் ஆயுள் சந்தா. தொண்ணூறுகளில் ஆண்டுச் சந்தா 50 ரூபாய், ஆயுள் சந்தா 500. அன்றைய வைப்பு வட்டி 12 சதவீதம். 500 ரூபாய் வருடத்துக்கு 60 கொடுத்தது, இதழ் அச்சிட்டு அனுப்பக் கட்டுப்படியானது. கணக்கு அழகாக இருக்கவே எல்லோரும் ஆயுள் உறுப்பினரானார்கள். இன்று 7 சதவீதம் என்று வைத்தாலும் 35 ரூபாய். ஒரு இதழை அச்சிட்டு அனுப்பக்கூடக் காணாது. போதாததற்கு, ஒரு கருத்தரங்கில் கை கடித்தபோது முதலிலும் கை வைத்துவிட்டார்கள். ஆக, வருமானம் இல்லாமல் சேவை மட்டும் கடமைப்பட்ட ஐம்பது பேர். ஆயுள் சந்தா வாங்காதீர்கள் என்று சொல்லமாட்டேன். ஆனால் அதைத் தனி வைப்பில் போடுங்கள். வட்டியை மட்டும் தொடலாம் என்று துணைவிதியிலேயே எழுதிவிடுங்கள். கருத்தரங்கின் வரவு செலவு தனிக் கணக்கில் இருக்கட்டும். நாங்கள் இப்போது பழைய ஆயுள் உறுப்பினர்களிடம் விருப்ப நன்கொடை கேட்கிறோம். சிலர் கொடுக்கிறார்கள். சிலர், "அன்னைக்கே கட்டிட்டேனே தம்பி" என்கிறார்கள். அதுவும் நியாயம்தான்.

இதழ் விஷயத்தில் சின்னத் துறைக்கு ஒரு தனிச் சங்கடம். மொத்தம் எழுதுகிறவர்களே கொஞ்சம் பேர். ஒரே இதழில் எழுதி அதே இதழைத்தான் மேற்கோள் காட்ட முடியும். 2020-ல் ஸூடாக்ஸா என்ற வகைப்பாட்டியல் இதழைத் தன்னைத்தானே அதிகம் மேற்கோள் காட்டுகிறது என்று, மேற்கோள்களை எண்ணி இதழ்களை மதிப்பிடும் தாக்கக் குறியீட்டுப் பட்டியலிலிருந்து நீக்கினார்கள். உலகம் முழுக்க எதிர்ப்புக் கிளம்பவே சில வாரங்களில் திரும்பச் சேர்த்தார்கள். அதை 2001-ல் தொடங்கியவர் ஒரு மைட் ஆராய்ச்சியாளர், ஜி-சியாங் ஜாங். அவ்வளவு பெரிய இதழுக்கே இந்தப் பாடென்றால் எங்கள் அறுபது பக்க இதழ் எம்மாத்திரம்? எங்கள் பையன்கள் பட்டத்துக்கும் பதவிக்கும் வேண்டிய புள்ளிக்காக, காசு வாங்கிக்கொண்டு கட்டுரை போடும் போலி இதழ்களுக்கு ஓடுகிறார்கள். ஒருவன் 12,000 ரூபாய் கட்டினான்; கட்டுரை வந்த தளம் ஒரு வருடத்தில் காணாமல் போனது. பிரான்சிலிருந்து 1959 முதல் வரும் அக்காராலஜியாவில் எழுதவும் காசில்லை, படிக்கவும் காசில்லை. அவனுக்கு இதை யாரும் சொல்லித் தரவில்லை என்பதுதான் எனக்கு வருத்தம். அதற்குத்தானே சங்கம்?

ஸ்லைடுகள் என்ன ஆயின என்று கேட்பீர்கள். மூன்று பெட்டியில் நெயில் பாலிஷ் வளையம் நன்றாக இருந்தது. உள்ளே மைட்டின் முதுகு மயிரைக்கூட எண்ணலாம். ஒரு பெட்டியில் வளையம் போடவே மறந்திருக்கிறார். கரைசல் பழுத்து, குமிழி விழுந்து, உள்ளே இருப்பது கால் எது கை எது என்று தெரியவில்லை. பிழைத்தவற்றைப் பட்டியலிட்டுத் தேசியச் சேகரிப்பு ஒன்றிடம் ஒப்படைக்கும் வேலை நடக்கிறது. புது இனம் கண்டுபிடித்தால் மாதிரியை அங்கீகரிக்கப்பட்ட சேகரிப்பில் வைக்க வேண்டும் என்று 2002-ன் உயிரியல் பல்வகைமைச் சட்டமே சொல்கிறது. சட்டம் சொல்லாவிட்டாலும் வீட்டு பீரோ அதற்கு இடமில்லை.

உண்ணிக் குப்பிகள்தான் மனசை அறுத்தன. மொத்தம் நாற்பது. பால்பாயிண்ட் பேனா மை ஆல்கஹாலில் கரையும் என்று முதல் வருட மாணவனுக்குச் சொல்லித் தருகிறோம், குப்பிக்குள் போடும் சீட்டைப் பென்சிலால்தான் எழுத வேண்டும். ஒன்பது சீட்டுகள் பென்சிலில் இருந்தன: ஊர், தேதி, எருமையா ஆடா, எல்லாம் தெளிவாக. மற்ற முப்பத்தொன்றும் வெள்ளைக் காகிதம்.

இப்போது பாஸ்புக், சான்றிதழ், மினிட்ஸ் எல்லாவற்றையும் ஸ்கேன் செய்து மூன்று பேரிடம் வைத்திருக்கிறோம். கையெழுத்துக்கு மூன்று பேர். அதில் யாராவது இருவர் போட்டால் போதும். ஒருவர் நாற்பது வயதுக்குக் கீழே இருக்க வேண்டும் என்று தீர்மானம். போன மாதம் தணிக்கையாளர் கணக்கைப் பார்த்துக்கொண்டே வந்து ஒரு வரியில் பேனாவை வைத்தார். "சார், பென்சில் இரண்டு டஜன் சரி. நெயில் பாலிஷ் ஆறு பாட்டில்?" எழுந்து போய் மைக்ரோஸ்கோப்பில் ஒரு ஸ்லைடை வைத்து, வந்து பாருங்கள் என்றேன்.