புது சிமெண்ட் ரோட்டில் வண்டியை எப்போது ஏற்றலாம்?

திருநெல்வேலியிலிருந்து ஒரு வாசகர் கேட்டிருக்கிறார்: “எங்கள் தெருவில் போன வியாழக்கிழமை சிமெண்ட் ரோடு போட்டார்கள். கார் வீட்டுக்குள் மாட்டிக்கொண்டது. மேஸ்திரி மூன்று நாள் போதும் என்கிறார். எதிர்வீட்டு ரிட்டயர்டு இன்ஜினியர் 28 நாள் தொடவே கூடாது என்கிறார். யார் சொல்வது சரி?”

அவசரத்துக்குப் பதிலை முதலில் சொல்லிவிடுகிறேன். நடக்க ஒரு நாள். சைக்கிள், பைக் ஒரு வாரம். கார் பத்து நாளிலிருந்து இரண்டு வாரம். தண்ணீர் லாரி, ஜல்லி ஏற்றிய டிப்பர் போன்றவற்றுக்கு எதிர்வீட்டுக்காரர் சொன்ன 28 நாள்தான். மத்திய சாலைப் போக்குவரத்து அமைச்சகத்தின் விதிமுறையும் நெடுஞ்சாலைக் காங்கிரீட்டை 28 நாள் கழித்து, இணைப்பு இடைவெளிகளை அடைத்த பிறகே திறக்கச் சொல்கிறது. இந்த நாட்கணக்கு எதுவானாலும் ஒரு நிபந்தனை உண்டு. முதல் இரண்டு வாரமாவது ரோடு ஈரம் காயாமல் இருந்திருக்க வேண்டும்.

ஈரம் காயாமலா, காங்கிரீட் காய வேண்டாமா என்று கேட்பீர்கள். நம் பேச்சு வழக்கே இந்தக் குழப்பத்தை வளர்த்துவிட்டது. துணி காய்கிறது, வடகம் காய்கிறது, அதேபோல காங்கிரீட்டும் “காய்ஞ்சிடுச்சா?” என்று கேட்கிறோம். வடகத்திலிருந்து தண்ணீர் வெளியேறுவதால் அது கெட்டியாகிறது. காங்கிரீட்டோ தண்ணீரைத் தனக்குள் கட்டிப்போட்டுக் கெட்டியாகிறது. கடலில் பாலத்துக்கு அடித்தளம் போடும்போது தண்ணீருக்கடியிலேயே காங்கிரீட்டை இறக்குகிறார்கள். அங்கே அது காய வழியே இல்லை. ஆனாலும் பாறை மாதிரி இறுகுகிறது.

இறுகும்போது உள்ளே நடப்பதைக் கொஞ்சம் நிதானமாகச் சொல்ல ஆசைப்படுகிறேன். எனக்கு எத்தனை முறை படித்தாலும் அலுக்காத விஷயம் இது.

பிளஸ் டூ வேதியியலில் லெ சாட்லியர் தத்துவம் படித்திருப்போம். அதே பிரெஞ்சுக்காரர் 1887-இல் முனைவர் பட்டத்துக்கு எடுத்துக்கொண்ட பொருள் சிமெண்ட். அது எப்படி இறுகுகிறது என்று நுண்ணோக்கியில் பார்த்து ஆராய்ந்தார். சிமெண்டில் பாதிக்கு மேல் இருப்பது ட்ரைகால்சியம் சிலிகேட். அதன் தங்கை டைகால்சியம் சிலிகேட், சோம்பேறி. முன்னது முதல் வாரத்து வலிமையைத் தருகிறது. பின்னது மாதக்கணக்கில் மெல்ல மெல்லச் சேர்க்கிறது.

தண்ணீர் பட்டதும் சிமெண்ட் துகளின் மேற்பரப்பு சில நிமிடங்கள் விறுவிறுவென்று கரைகிறது. அப்புறம் திடீரென்று எல்லாம் அடங்கிப்போகிறது. இரண்டு மூன்று மணி நேரம் ஒன்றும் நடக்காதது போல ஒரு தூக்கம். ரெடிமிக்ஸ் லாரி நகர நெரிசலில் ஊர்ந்து வந்து சேர முடிவதும், கொத்தனார் மட்டப்பலகை போட்டு இழுக்க நேரம் கிடைப்பதும் இந்தத் தூக்கத்தின் தயவில்தான். அது ஏன் வருகிறது, எது எழுப்பிவிடுகிறது என்று ஆய்வாளர்கள் இன்றும் விவாதிக்கிறார்கள்.

தூக்கம் கலைந்ததும் துகள்களின் மேல் கால்சியம் சிலிகேட் ஹைட்ரேட் என்ற கூழ் முளைக்கிறது. மெல்லிய ஊசிகளாகவும் தகடுகளாகவும் வெளிப்பக்கம் வளர்ந்து, பக்கத்துத் துகளிலிருந்து வருபவற்றோடு கோத்துக்கொள்கிறது. அதோடு சூடும் பிறக்கிறது. ஒரு தை மாதம் எங்கள் தெருவில் சாயங்காலம் நாலு மணிக்குக் காங்கிரீட் போட்டு முடித்தார்கள். இரவு பதினொரு மணிக்கு நான் வெளியே போய், ஈரச்சாக்கை ஓரமாக விலக்கி உள்ளங்கையை வைத்துப் பார்த்தேன். பக்கத்தில் காம்பவுண்டுச் சுவர் ஜில்லென்று இருந்தது. ரோடு மட்டும், காய்ச்சல்காரக் குழந்தையின் நெற்றி மாதிரி வெதுவெதுப்பாக இருந்தது.

ஒரு பங்கு சிமெண்ட் தண்ணீரோடு முழுமையாகச் சேர்ந்தால், அதில் உண்டாகும் கூழ் ஏறக்குறைய இரண்டு பங்கு இடத்தை அடைக்கும். கலவையில் துகள்களுக்கு நடுவே இருப்பது வெறும் தண்ணீர். அந்த இடத்தைக் கூழ் வளர்ந்து நிரப்ப நிரப்பத்தான் வலிமை ஏறுகிறது. ஆனால் அதே கூழ் துகளைச் சுற்றிப் போர்வையாகவும் மூடிக்கொள்கிறது. மிச்சமிருக்கும் சிமெண்டைத் தண்ணீர் தொட வேண்டுமானால் அந்தப் போர்வைக்குள் ஊறித்தான் போக வேண்டும். போர்வை தடிக்கத் தடிக்க வேகம் குறைகிறது. அதனால்தான் ஏழு நாளில் ஏறக்குறைய மூன்றில் இரண்டு பங்கு வலிமை வந்துவிட, மீதி ஒரு பங்குக்கு இன்னும் மூன்று வாரம் பிடிக்கிறது.

இதற்கிடையில் வெயிலிலும் காற்றிலும் தண்ணீர் ஆவியாகிப் போனால் கூழ் வளர வழியில்லை. உள்ளே துளைகளில் ஈரப்பதம் 80 சதவீதத்துக்குக் கீழே இறங்கினால் வினை கிட்டத்தட்ட நின்றேவிடும். தண்ணீர் இருந்த இடம் ஓட்டையாகவே தங்கிவிடும். பிறகு நனைத்தால் ஓரளவு மீண்டும் தொடங்கும். இழந்தது முழுசாகத் திரும்பாது. முதலில் காய்வது மேல்பரப்பு. டயர் உரசுவதும் அங்கேதான். ஆறே மாதத்தில் புழுதி கிளப்பும் சிமெண்ட் ரோடுகளில் பெரும்பாலும் இந்தக் கதையைத்தான் பார்க்கிறேன். பாத்தி கட்டித் தண்ணீர் நிறுத்துவதும், சாக்கு விரித்து நனைப்பதும் தண்ணீர் இந்த வேலையை முடிக்கும்வரை ஓடிப்போகாமல் காவல் காப்பதுதான்.

சரி, மேஸ்திரி சொன்ன மூன்று நாள் எங்கிருந்து வந்தது? அவர் தொழில் கற்ற காலத்து சிமெண்டிலிருந்து வந்திருக்கலாம். இன்று கடையில் பெரும்பாலும் கிடைப்பது பி.பி.சி. மூட்டையைத் திருப்பிப் பாருங்கள், போர்ட்லாண்ட் போசோலானா என்று இருக்கும். இத்தாலியில் நேப்பிள்ஸ் அருகே போசுவோலி என்ற ஊர் உண்டு. அந்த வட்டாரத்து எரிமலைச் சாம்பலைச் சுண்ணாம்போடு கலந்து ரோமானியர்கள் துறைமுகம் கட்டினார்கள். அந்த ஊர்ப் பெயர்தான் நம் மூட்டையில் ஒட்டிக்கொண்டிருக்கிறது. நம் பி.பி.சி.யில் சேர்வது அனல்மின் நிலையத்துச் சாம்பல். சிமெண்ட் இறுகும்போது வெளிவரும் சுண்ணாம்பைப் பிடித்துக்கொண்டு அதுவும் கூழாகிறது, ஆனால் ரொம்ப மெதுவாக. கடைசியில் கிடைப்பது நல்ல, நெருக்கமான காங்கிரீட். முதல் சில நாட்களில் மட்டும், சாம்பல் கலக்காத பழைய சாதாரண போர்ட்லாண்ட் சிமெண்டான ஓ.பி.சி.யைவிடப் பின்தங்கி நிற்கும். இந்தியத் தரக்குறியீடு ஐ.எஸ். 456, ஓ.பி.சி.க்குக் குறைந்தது ஏழு நாளும், கலப்பு சிமெண்டுக்குப் பத்து நாளும் ஈரம் காக்கச் சொல்கிறது. வெயில் காலத்தில் கலப்பு சிமெண்டுக்கு 14 நாள்வரை நீட்டிக்கப் பரிந்துரைக்கிறது.

அடுத்து வண்டியின் எடை. காங்கிரீட் நசுக்கலை நன்றாகத் தாங்கும். இழுத்தால் தாங்காது, ஏறக்குறைய பத்தில் ஒரு பங்குதான். சக்கரம் ஏறும்போது காங்கிரீட் பலகை வளைகிறது, வளைவில் ஒரு பக்கம் இழுபடுகிறது. நடுப்பகுதியைவிட விளிம்பிலும் மூலையிலும் இந்த இழுப்பு அதிகம் என்று 1926-இலேயே வெஸ்டர்கார்டு என்ற பொறியியல் அறிஞர் கணக்குப் போட்டுக் காட்டிவிட்டார். அமெரிக்காவில் இல்லினாய்ஸ் மாநிலத்தில் 1958 முதல் 1960 வரை நடந்த பெரிய சாலைப் பரிசோதனையில் இன்னொன்று தெரிந்தது. அச்சின் சுமை இரட்டிப்பானால் சாலைக்கு வரும் சேதம் சுமார் 16 மடங்கு. அரை டன் அச்சுள்ள சின்ன காரையும் பத்து டன் அச்சுள்ள லாரியையும் அதே கணக்கில் ஒப்பிட்டால் 1,60,000 மடங்கு வருகிறது. எங்கள் தெருவில் ஐந்தாம் நாளே ஒரு தண்ணீர் டேங்கர் பின்பக்கமாக ஏறியது. ஒன்பதாயிரம் லிட்டர் என்றால் தண்ணீரே ஒன்பது டன். மூலையில் முக்கோணமாக ஒரு விரிசல் விழுந்தது. சிமெண்ட் பால் ஊற்றி மூடினார்கள். அடுத்த மழையில் அந்தத் துண்டு தனியாக ஆட ஆரம்பித்துவிட்டது.

28 என்ற எண்ணில் மந்திரம் எதுவும் இல்லை. நாலு வாரம், அவ்வளவுதான். திங்கட்கிழமை வார்த்த காங்கிரீட் மாதிரிக் கட்டியைத் திங்கட்கிழமையே உடைத்துச் சோதிக்க வசதி. காங்கிரீட்டுக்குத் தெரிவது வெப்பமும் ஈரமும் மட்டுமே. ஈரம் இருந்தால் சித்திரையில் வேகமாக ஏறும், குளிரில் மெதுவாக ஏறும். இதை நேரடியாக அளக்க ஒரு வழி 1950-ஐ ஒட்டி பிரிட்டனில் பிறந்தது. காங்கிரீட்டுக்குள் ஒரு வெப்ப உணரியைப் புதைத்து, வெப்பத்தையும் நேரத்தையும் பெருக்கிக் கூட்டிக்கொண்டே வந்தால் இந்த நிமிடம் வலிமை எவ்வளவு என்று மதிப்பிடலாம். அதற்கு, அதே கலவையை ஆய்வகத்தில் முன்கூட்டியே சோதித்து வைத்திருக்க வேண்டும். சென்னை தரமணியில் கட்டமைப்புப் பொறியியல் ஆய்வு மையம் இருக்கிறது, பக்கத்திலேயே ஐ.ஐ.டி. இருக்கிறது. தெருத்தெருவாகக் காங்கிரீட் போடச் செலவாகும் பணத்தில் ஒரு துளியை, நம் ஊர் மணலுக்கும் நம் ஊர் வெயிலுக்கும் இந்தக் கணக்கைத் தயார் செய்ய ஒதுக்கினால் என்ன என்று பல வருடமாகக் கேட்டுக்கொண்டிருக்கிறேன்.

இன்னொரு வருத்தமும் உண்டு. ஆடி பிறப்பதற்குள் கிரகப்பிரவேசம் முடிய வேண்டும் என்று ஆனியில் அவசர அவசரமாகத் தளம் போட்டு, சென்ட்ரிங்கை முன்கூட்டியே பிரிக்கிறார்கள். பந்தலுக்கும் சமையல் சாமானுக்கும் லாரி வர வேண்டுமென்று வாசல் காங்கிரீட்டையும் விட்டுவைப்பதில்லை. நாள் பார்ப்பது அவரவர் நம்பிக்கை. பார்ப்பவர்கள் விசேஷத் தேதியிலிருந்து 28 நாளைப் பின்னால் எண்ணிக் காங்கிரீட் தேதியைக் குறிக்கட்டும்.

திருநெல்வேலி வாசகருக்கு: காலையும் மாலையும் வெறுமனே தெளித்தால் நடுப்பகலில் காய்ந்துவிடும். சாக்கு போட்டு நனையுங்கள், சாக்கு எப்போதும் ஈரமாக இருக்கட்டும். உங்கள் வெயிலுக்கு, ரோடு போட்ட வியாழனுக்குப் பிறகு வரும் இரண்டாவது வியாழன் தாண்டியதும் காரை எடுக்கலாம். வாசலிலிருந்து ரோட்டில் ஏறும் விளிம்பில் ஒரு தடித்த மரப்பலகையைப் போட்டு, அதன் மேல் மெதுவாக ஏற்றுங்கள். பலகை ரோட்டுக்குள் ஓரடியாவது நீண்டிருக்கட்டும்.