'இரட்டையர்' வேண்டா, 'இணை' போதும்

மஞ்சக்குப்பத்துத் தேநீர்க் கடையொன்றில் நாளிதழின் விளையாட்டுப் பக்கத்தை உரக்கப் படித்துக்கொண்டிருந்தவர், 'உலக விரைவுச்சாலை இரட்டையர் மோட்டார்சைக்கிள் போட்டி' என்ற தொடருக்கு வந்ததும் நிறுத்திவிட்டார். "ஏன் சார், ஈ.சி.ஆர். மாதிரி ரோட்டுல டபுள்ஸ் போற பந்தயமா இது?" என்று கடைக்காரர் என்னிடம் கேட்டார். அவர் புரிந்துகொண்டதில் பிழை ஏதுமில்லை. அந்தத் தொடருக்குத் தமிழில் அதுதான் பொருள். இந்த மொழிபெயர்ப்பு என் கண்ணில் படுவது மூன்றாம் முறை என்பதால் இதை எழுதுகிறேன்.

ஆங்கிலத்தில் இதன் பெயர் 'ஸ்பீட்வே வேர்ல்டு பேர்ஸ்'. ஸ்பீட்வே என்பதில் 'ஸ்பீட்' பழைய ஆங்கிலத்தில் வெற்றியையும் வளத்தையும் குறித்தது; வேகம் பிற்பாடு ஏறிய பொருள். 'வே' வழி. 'பேர்' என்பது சமமானவை என்று பொருள்படும் இலத்தீன் சொல்லிலிருந்து பிரெஞ்சின் வழியாக ஆங்கிலத்துக்கு வந்தது. புதுச்சேரியில் பிரெஞ்சு படித்தவர்களுக்கு அது புதிதன்று. வேர் ஆராய்ச்சி இவ்வளவு போதும். சொல்லைப் பெயர்ப்பதற்கு முன் பொருளைப் பார்க்க வேண்டும்.

நீள்வட்ட மண் தடத்தில் நான்கு பேர் இடஞ்சுழியாக நான்கு சுற்று ஓட்டுவதே ஸ்பீட்வே. வண்டிக்கு 500 சி.சி. எஞ்சின், மெத்தனால் எரிபொருள், ஒரே கியர், பிரேக் கிடையாது. வளைவில் பின்சக்கரத்தை வெளிப்புறமாகச் சறுக்கவிட்டு, இரும்புக் காலணி பூட்டிய இடக்காலைத் தரையில் ஊன்றித் திரும்புவார்கள். 1928-இல் இலண்டனை அடுத்த ஹை பீச்சில் இது பெருங்கூட்டத்தைக் கூட்டியபோது 'டர்ட் டிராக்', அதாவது மண்தடம், என்றே பரவலாக அழைக்கப்பட்டது. போலந்துக்காரர்கள் இன்றும் இதனை 'ஜூஜெல்' என்கிறார்கள். உலைக் கசடு என்று பொருள். அக்காலத் தடங்களில் அதைத்தான் கொட்டியிருந்தார்கள். நெய்வேலியை வைத்திருக்கும் கடலூர் மாவட்டத்தாருக்குக் கரி எரிந்தபின் மிஞ்சுவதைப் பற்றி யாரும் விளக்க வேண்டியதில்லை. தாரும் சிமெண்டும் படாத இந்தத் தடத்தைச் 'சாலை' என்பது எப்படிப் பொருந்தும்? மண்தடம் என்ற சொல் கையருகே இருக்கிறது.

சாலையை எளிதில் தள்ளிவிடலாம். 'இரட்டையர்' அப்படி விடுவதாக இல்லை. டென்னிஸில் அச்சொல் நிலைத்துவிட்டதே என்பார்கள். டென்னிஸில் இருவருக்கும் பந்து ஒன்று, பக்கம் ஒன்று. ஒருவர் தவறவிட்டால் இருவரும் தவறவிட்டதாகவே ஆகும். மண்தடத்தில் அவரவர் வண்டி அவரவருக்கு. ஒரு நாட்டின் இருவர், இன்னொரு நாட்டின் இருவர் என நால்வர் ஓடுகிறார்கள். ஒவ்வொருவரும் தம் இடத்துக்குரிய புள்ளியைத் தனியே பெறுகிறார்கள். பிறகுதான் நாட்டின் கணக்கில் அவை கூட்டப்படுகின்றன. 1970-இல் சுவீடனின் மால்மோவில் நடந்த முதல் அதிகாரபூர்வ உலக 'பேர்ஸ்' போட்டியை நியூசிலாந்துக்காக வென்ற ரானி மூர், ஐவன் மாகர் இருவரையும் பிரித்துப் பார்த்தாலும் தனிநபர் பட்டம் முன்னவருக்கு இரண்டு, பின்னவருக்கு மொத்தம் ஆறு. இரட்டைக்கிளவியோ பிரித்தால் பொருள் தராது. 'சலசல'விலிருந்து ஒரு 'சல'வை எடுத்து என்ன செய்வது?

தில்லையைப் பாடிய இரட்டைப் புலவர் ஒட்டிப் பிறந்தவர்களா, அவர்களை அப்படி அழைக்கவில்லையா என்று நண்பர் ஒருவர் என்னை மடக்கினார். நல்ல கேள்விதான். ஆனால் அவர்கள் கதையை நினைத்துப் பாருங்கள்: நடக்க இயலாதவர் பார்வையற்றவரின் தோளில் ஏறி வழி சொல்லிக்கொண்டே சென்றார் என்பார்கள். அதுவும் டபுள்ஸ்தானே!

'சோடி' மாட்டுக்குப் பொருந்தும். இரண்டு மாட்டுக்கும் நுகம் ஒன்று என்பதால் இங்கே பொருந்தாது. 'இணையர்' என்று எழுதினால் சீர்திருத்தத் திருமண அழைப்பிதழின் நினைவு வந்துவிடும். ஆகவே விகுதி எதுவும் ஒட்டாத 'இணை'யே என் முடிவு. அது பெயர் மட்டுமன்று, வினையும் ஆகும்; தனித்தனியாக இருப்பவற்றைச் சேர்ப்பதையே அது சொல்கிறது. யாப்பு படித்தவர்களுக்கு இன்னொரு காரணமும் உண்டு. நாற்சீரடியில் முதலிரு சீர்களில் மோனை அமைந்தால் இணை, முதலும் மூன்றும் பொழிப்பு, முதலும் நான்கும் ஒரூஉ. நால்வர் ஓடும் பந்தயத்தில் முதலிரு இடங்களையும் ஒரே நாடு பிடிப்பதே முழு வெற்றி. முதலிடம் தொடங்கிக் கடைசிவரை 3-2-1-0 எனப் புள்ளி தரும் பழைய முறையில் அது ஐந்துக்கு ஒன்று. பொழிப்பு நான்குக்கு இரண்டு. ஒரூஉவோ மூன்றுக்கு மூன்று, சமநிலை. 2018-இல் தொடங்கிய 'ஸ்பீட்வே ஆஃப் நேஷன்ஸ்' என்ற நாடுகளுக்கிடையிலான இணைப் போட்டி 4-3-2-0 என்று கணக்கிடுவதால், ஒரூஉ அமைத்தவர் நான்கே புள்ளியுடன் நிற்க, நடுவில் வந்த இருவர் ஐந்து புள்ளியோடு வென்றுவிடுகிறார்கள். தனியொருவர் முந்துவதைவிடக் கூட்டாளியைக் கடைசியில் விடாமல் கூட்டிவருவது மேல் என்பதே இந்தக் கணக்கு. 'இரட்டையர்' என்ற சொல்லில் இதற்கு எங்கே இடம்?

அகராதியில் முதலில் கண்ணில் பட்ட சொல்லை எடுத்து ஒட்டிவிட்டு, தடத்தில் எத்தனை வண்டி ஓடுகிறது என்றுகூடப் பார்க்காத மொழிபெயர்ப்பாளர்களிடம் இதையெல்லாம் சொன்னால், 'வாசகருக்குப் பழகிவிட்டது' என்கிறார்கள். கடைக்காரருக்குப் பழகவில்லையே. 'மண்தட இணைப் பந்தயம்' என்று சொன்னபோது, "அப்ப ரெண்டு வண்டிங்களா?" என்று அவரே கேட்டார். இன்னொன்றும் உண்டு. 2018-இல் 'ஸ்பீட்வே ஆஃப் நேஷன்ஸ்' போட்டியில் ஒவ்வொரு நாடும் தன் இருவரோடு 21 வயதுக்கு உட்பட்ட ஒருவரையும் சேர்த்துக்கொண்டது. தடத்தில் இறங்குவது எப்போதும் இருவரே என்பதால் 'இணை' அப்போதும் பொருந்தும். மூவர் அடங்கிய இரட்டையர் அணி என்று அச்சிட்டால், அதைத் தேநீர்க் கடையில் உரக்கப் படிக்கப்போகிறவர் என்ன செய்வார்?