எண்ணெய்த் தளத்தடி மீனில் எந்த உலோகம், எந்த உறுப்பில்?

நடுக்கடலில் எண்ணெய்க்குத் துளை போடும்போது, துளைக்குள் இறக்கும் சேற்றுக்குக் கனம் கூட்ட பரைட் என்ற கனிமத்தை மாவாக அரைத்துக் கலப்பார்கள். அது தண்ணீரைவிட நாலு மடங்குக்கும் மேல் கனமானது. கீழே அடைபட்டிருக்கும் வாயுவும் எண்ணெயும் பீறிட்டு மேலே வராமல் அமுக்கிப் பிடிப்பது அந்தக் கனந்தான். வேலை முடிந்தபின் பாறைத்தூளோடு சேர்ந்து அதில் ஒரு பங்கு கடலடியில் படிந்துவிடுகிறது. மெக்சிகோ வளைகுடாவிலும் வடகடலிலும் பழைய தளங்களைச் சுற்றி அடிமண்ணை அள்ளிச் சோதித்தால் பேரியம் எக்கச்சக்கமாகத் தெரிவது அதனால்தான்.

பேரியம் என்றதும் பதற வேண்டாம். பரைட் என்பது பேரியம் சல்பேட். வயிற்றை எக்ஸ்ரே எடுக்குமுன் ஆஸ்பத்திரியில் குடிக்கக் கொடுக்கிற வெள்ளைக் கரைசலிலும் இருப்பது இதேதான். தண்ணீரில் கரையாது, குடல் உறிஞ்சாது. நமக்குள் போனாலும் சரி, மீனுக்குள் போனாலும் சரி, வந்த மாதிரியே வெளியே போய்விடும். வில்லங்கம் பரைட்டோடு ஒட்டிக்கொண்டு வரும் பாதரசத்திலும் காட்மியத்திலும் இருக்கிறது. கடலில் பயன்படுத்தும் பரைட்டில் கிலோவுக்கு 1 மில்லிகிராம் பாதரசத்துக்கும் 3 மில்லிகிராம் காட்மியத்துக்கும் மேல் இருக்கக்கூடாது என்று அமெரிக்கா 1993இல் விதி போட்டது.

சேறு மட்டுமல்ல. எண்ணெயோடு நிலத்தடி உப்புநீரும் மேலே வரும்; கிணறு பழசாகப் பழசாக எண்ணெயைவிட அதுவே அதிகம். எண்ணெயைப் பிரித்துவிட்டுக் கடலில் விடும் அந்த நீரில் பேரியம், இரும்பு, மாங்கனீசு, துத்தநாகம், கொஞ்சம் ஈயம் எல்லாம் உண்டு. தளத்தின் இரும்புக் கால்கள் துருப்பிடிக்காமலிருக்க அவற்றில் துத்தநாகக் கட்டிகளோ அலுமினியக் கட்டிகளோ பொருத்துவார்கள். இரும்புக்குப் பதிலாக அவை அரித்துக் கரையும். ஆக, உலோகம் வந்து சேர வழிகள் பல.

ஆனால் தண்ணீரில் இருப்பதெல்லாம் மீனில் சேர்ந்துவிடுவதில்லை. துத்தநாகமும் செம்பும் மீனுக்குத் தேவையானவை, ஆகவே வேண்டிய அளவை வைத்துக்கொண்டு மிச்சத்தை அது கழித்துவிடும். காட்மியம் வந்தால் ஈரலும் சிறுநீரகமும் ஒருவகைப் புரதத்தைச் சுரந்து அதைப் பிடித்துக் கட்டிப்போடும். ஈயம் பெரும்பாலும் எலும்புக்குப் போகும். நாம் குழம்பு வைக்கிற சதையில் இவை எல்லாமே குறைவு. ஈரலையும் குடலையும் எறிந்துவிட்டுத் துண்டு போடும் பழக்கம் இந்த விஷயத்தில் நமக்குச் சாதகமாகவே இருக்கிறது.

பாதரசம் மட்டும் இந்தக் கணக்குக்குள் அடங்காது. காற்றில்லாத சேற்றில் வாழும் சில பாக்டீரியாக்கள் அதை மெத்தில் பாதரசமாக மாற்றுகின்றன. அது புரதத்தோடு ஒட்டும் தன்மையுள்ளது, அதனால் நேரே தசைக்குப் போய் உட்கார்ந்துகொள்ளும். கழிவதோ மிக மெதுவாக. சின்ன மீனைப் பெரிய மீன் தின்ன, அதை இன்னும் பெரியது தின்ன, ஒவ்வொரு படியிலும் செறிவு ஏறும். பொரித்தாலும் அவித்தாலும் போகாது.

அப்படியானால் தளத்தடி மீன் ஆபத்தா? மெக்சிகோ வளைகுடாவில் இதைத் தேடிப் பார்த்தார்கள். துளையிட்ட இடங்களுக்குப் பக்கத்து அடிமண்ணில் மொத்தப் பாதரசம் கூடத்தான் இருந்தது. மெத்தில் பாதரசமோ தூரத்து மண்ணில் உள்ள அளவைத் தாண்டவில்லை. பரைட்டுக்குள் பாதரசம் கந்தகத்தோடு இறுகிப்போன கரையாத கனிமமாக இருப்பதால் பாக்டீரியாவின் கைக்கு அது எட்டுவதில்லை. என் கணிப்பில், ஒரு மீனின் பாதரசத்தைத் தீர்மானிப்பதில் அது எங்கே வாழ்ந்தது என்பதைவிட எத்தனை வயது, யாரைத் தின்றது என்பதற்கே கூடிய பங்கு.

கொழும்பில் நாம் கேட்கும் கேள்வியோ பெரும்பாலும் மீன் எங்கே வாழ்ந்தது என்பதுதான். 2021 மே மாதம் இரசாயனச் சரக்கு ஏற்றிவந்த எக்ஸ்பிரஸ் பேர்ள் கப்பல் கொழும்புக்கு அருகே எரிந்து ஜூனில் மூழ்கியபின், வெள்ளவத்தையில் மீன் வாங்க வருகிறவர்கள் விலைக்கு முன் இடத்தைக் கேட்டார்கள். “நானா, இது எந்தப் பக்கத்து மீன்?” “திருகோணமலை மிஸ், நம்பி எடுங்க.” அந்த நேரத்தில் நியாயமான கேள்விதான். ஆனால் பாதரசத்துக்கு அந்தப் பதில் உதவாது. வாள்மீன், கொப்பரா, தளப்பத்து போன்ற நீண்ட மூக்குக்காரர்கள் எண்ணெய்த் தளமே இல்லாத திறந்த கடலில் திரிந்தாலும் பாதரசம் சேர்ப்பவர்கள். ஐரோப்பிய ஒன்றியம் வாள்மீனுக்குக் கிலோவுக்கு 1 மில்லிகிராம் என்று வரம்பு வைத்திருக்கிறது; இங்கேயிருந்து அங்கே போகும் மீனும் அதற்குள் இருந்தாக வேண்டும்.

கணக்குப் போட்டுப் பார்க்கலாம். உடல் எடையில் கிலோவுக்கு வாரம் 1.6 மைக்ரோகிராம் மெத்தில் பாதரசம் வரை தாங்கலாம் என்று உலக சுகாதார அமைப்பின் கூட்டு நிபுணர் குழு 2003இல் சொன்னது, முக்கியமாக வயிற்றிலிருக்கும் பிள்ளையின் மூளையை நினைத்து. 60 கிலோ எடையுள்ள பெண்ணுக்கு அது 96 மைக்ரோகிராம். வரம்பின் விளிம்பில், கிலோவுக்கு 1 மில்லிகிராமோடு நிற்கும் வாள்மீன் என்றால் 96 கிராமிலேயே அந்த வாரக் கணக்கு தீர்ந்துவிடும், அதாவது ஒரே ஒரு துண்டு. சூடையில் 0.05 மில்லிகிராம் என்று வைத்துக்கொண்டால் ஏறத்தாழ இரண்டு கிலோ சாப்பிடலாம். கர்ப்பிணிக்குச் சூடை, நெத்தலி வாங்கிக் கொடுங்கள் என்பேன், காசும் மிச்சம்.

இனி, செய்திகளில் வரும் ஆய்வுகூட எண்களைப் பற்றி. மீனில் ஆர்சனிக் என்று தலைப்புப் போட்டுப் பயமுறுத்துவார்கள். கடல்மீனில் ஆர்சனிக் இயல்பாகவே உண்டு, பெரும்பகுதி ஆர்சனோபீட்டைன் என்ற தீங்கற்ற வடிவில். மொத்த ஆர்சனிக் எண்ணைப் பார்த்து ஒன்றும் சொல்ல முடியாது, நச்சு வடிவமான கனிம ஆர்சனிக்கைப் பிரித்து அளந்திருக்க வேண்டும். இன்னொரு குழப்பம் எடையில் வரும். மீன் சதையில் முக்கால் பங்குக்கு மேல் தண்ணீர். காயவைத்து அளந்தால் தண்ணீர் போய்விடுவதால் அதே உலோகம் நாலைந்து மடங்காகத் தெரியும். ஆய்வுக் கட்டுரைகளில் உலர் எடைக் கணக்கு சாதாரணம், சட்ட வரம்புகளோ பச்சை எடைக்கு. ஒன்றை மற்றதோடு ஒப்பிட்டால் நல்ல மீனும் விஷ மீனாகிவிடும்.

இலங்கையில் நமக்கு இன்னும் எண்ணெய் உற்பத்தித் தளம் கிடையாது. 2011இல் மன்னார் படுகையில் துளையிட்டபோது இயற்கை எரிவாயு கிடைத்தது, அத்தோடு நிற்கிறது. என்றாவது அங்கே ஒரு தளம் எழுமானால் ஒப்பிட்டுப் பார்க்க இப்போதைய எண்கள் வேண்டும்: அடிமண்ணில் பேரியமும் பாதரசமும், ஓரிடம் விட்டு நகராத அடிமீன்களின் ஈரலில் காட்மியம், சதையில் பாதரசம். மீனை ஒரே இனத்தில், ஒரே நீளத்தில் பார்த்து எடுக்க வேண்டும். இல்லாவிட்டால் வயதான மீனின் பாதரசத்தைத் தளத்தின் கணக்கில் எழுதிவிடுவோம்.